பத்தொன்பதாம் தேதியில் ஒரு பெயர்

பலகையில் நாற்பத்தேழு என்று விளக்கு எரிந்ததும் நகராட்சி அலுவலகத்தில் என் கவுன்டருக்கு வந்து நின்றவர் ஏவர்ட் மாமா. சொந்த மாமா இல்லை, அப்பாவின் நண்பர். என் சின்ன வயதில் எங்கள் வீட்டிலேயே பாதி நாள் கிடப்பார். தலை முழுக்க நரைத்துவிட்டது, ஆனால் கழுத்தில் அதே நீலக் கைக்குட்டை.

"அட, சீட்ஸ்கா! நீ இங்கயா உட்கார்ந்திருக்க?" என்று சிரித்தபடி அடையாள அட்டையையும் ஒரு படிவத்தையும் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார்.

படிவத்தின் தலையில் இருந்த கட்சிப் பெயரை இரண்டு முறை படித்தேன். நாடே காறித் துப்பிக்கொண்டிருந்த கட்சி. பெரியவர்கள் குழந்தைகளிடம் தப்பாக நடந்துகொள்வதைச் சட்டம் குற்றமென்று சொல்லக் கூடாதாம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் குழந்தைகளின் விடுதலை. வெட்கங்கெட்டவர்கள் தங்கள் பசிக்கு அடுத்தவன் பெயரை வைப்பார்கள். ஒரு கட்சி தேர்தலில் நிற்கத் தொகுதிக்கு முப்பது ஆதரவாளர்கள் நகராட்சிக்கு நேரில் வந்து, என்னைப் போன்ற ஒருத்தி கண் முன்னால் கையெழுத்துப் போட்டாக வேண்டும். நான் பார்த்தேன் என்று முத்திரை குத்த வேண்டியது என் வேலை.

எழுந்துபோய் மேலாளரிடம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "எனக்கும் குமட்டுதும்மா. ஆனா கட்சி என்ன சொல்லுதுங்கறது நம்ம வேலை இல்ல. ஆள் இந்த ஊரா, கையெழுத்து அவரோடதா, அவ்வளவுதான்."

திரும்பி வந்து குத்தினேன். வேண்டுமென்றே கோணலாகக் குத்தினேன். என் வீரம் அதோடு சரி.

"மின்காவை விசாரிச்சேன்னு சொல்லு" என்றார் ஏவர்ட் மாமா, பேனாவை மூடியபடி. "இதெல்லாம் அவளுக்கு அப்பவே புரிஞ்சுது."

மின்கா என் அம்மா. அவளை நாங்கள் அம்மா என்று கூப்பிட்டதில்லை. எழுபதுகளில் எங்கள் வீட்டில் பெற்றவர்களும் பிள்ளைகளும் சமம், அதனால் பெற்றவர்களையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். சாப்பாட்டு மேசையில் தட்டச்சு இயந்திரம் உட்கார்ந்திருக்கும். அணு உலைக்கு எதிராக ஒரு துண்டறிக்கை, வாடகைக்கு எதிராக ஒன்று, பிறகு ஏவர்ட் மாமா கொண்டுவரும் அறிக்கைகள். 'குழந்தைக்கும் சம்மதம் சொல்லும் உரிமை உண்டு' என்ற வரியை மின்கா அடித்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குவது என்பதைப் பற்றிய அறிக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

மதிய இடைவேளையில் தம்பி யெல்மருக்குப் போன் செய்தேன். வம்பு பேசத்தான் செய்தேன், பொய் சொல்ல மாட்டேன். "யார் வந்து கையெழுத்துப் போட்டாங்கன்னு சொல்லு பார்ப்போம்" என்று ஆரம்பித்து, பெயரைச் சொன்னேன்.

"ரெண்டு கோடை லீவு, அக்கா" என்றான். "அவரோட படகுல."

போனோடு படிக்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"யார்கிட்டயாவது சொன்னியாடா?"

"மூணாவது கோடைக்குக் கிளம்பச் சொன்னாங்க. எனக்கு ஒன்பது வயசு. 'அம்மா, எனக்குப் படகு வேணாம், அவர் ராத்திரி என்னை விட மாட்டேங்கறார்'னு சொன்னேன். அவ துணி மடிச்சிட்டிருந்தா. 'அம்மா இல்ல, மின்கா'ன்னு திருத்தினா. அவ்வளவுதான் பதில். நானே வேணும்னு சைக்கிள்ல இருந்து விழுந்து கையை உடைச்சுக்கிட்டேன். அதான் போகல."

அவன் கையில் போட்ட மாவுக்கட்டின் மேல் நான் படம் வரைந்திருந்தேன். ஒரு மீன்.

சனிக்கிழமை மின்காவுக்குப் பிறந்தநாள், அக்டோபர் பதினான்கு. காலையில் சந்தை வழியாகப் போனேன். பாலாடைக்கட்டிக் கடைக்குப் பக்கத்தில் ஒரே கூட்டம். அந்தக் கட்சியைத் தடை செய்யச் சொல்லி ஊரே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. நடுவில் கையெழுத்துத் தாள் செருகிய அட்டையும் கையுமாக மின்கா. எழுபத்தொரு வயதில் என்ன குரல்! "இப்படிப்பட்டவங்களை, பிள்ளை பெத்தவங்க எப்படித்தான் பொறுத்துக்கிட்டாங்களோ!" என்று மீன் வாங்க வந்தவளிடம் முழங்கினாள். என்னைக் கண்டதும் அட்டையை நீட்டினாள். "போடு கையெழுத்து. முன்னூறைத் தாண்டிட்டேன்."

நான் போட்டேன். கோபத்தில் பேனா காகிதத்தைக் கிழித்தது. மின்கா அதை ஆவேசம் என்று எடுத்துக்கொண்டு என் தோளைத் தட்டினாள்.

மதியம் வழக்கம்போல நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, மடியில் கேக் தட்டோடு உட்கார்ந்திருந்தோம். வந்தவர்கள் மின்காவை வாழ்த்திவிட்டு, எங்கள் ஊர் வழக்கப்படி, அவள் எங்கள் அம்மாவாக இருப்பதற்காக எங்களையும் வாழ்த்தினார்கள். "வாழ்த்துகள் யெல்மர், உங்க அம்மாவுக்காக." அவன் நன்றி சொன்னான். ஒவ்வொருவருக்கும் எழுந்து நின்று சொன்னான்.

இரண்டாவது காபிக்குப் பிறகு கோட்டை எடுத்து மாட்டினான். பக்கத்து வீட்டு ஹாரம் தொடையைத் தட்டிச் சிரித்தார். "கிளம்பிட்டான்யா! பெத்த வீட்டுல கக்கூஸ் இருக்க, பெட்ரோல் பங்குக்குப் போறவன் உலகத்துலயே இவன் ஒருத்தன்தான்."

இது எங்கள் குடும்பத்தின் பழைய நகைச்சுவை. நானும் வருஷா வருஷம் சிரித்திருக்கிறேன். இந்த முறை எழுந்து கழிப்பறைக்குப் போனேன்.

எங்கள் ஊரில் எல்லார் வீட்டுக் கழிப்பறையிலும் போல, உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே பிறந்தநாள் நாட்காட்டி. வருஷம், கிழமை எதுவும் இல்லாதது. வேண்டியவர்களின் பெயரை அவரவர் பிறந்த தேதியில் எழுதி வைத்தால் ஆயுசுக்கும் தொங்கும். அக்டோபர் திறந்திருந்தது. பதினான்கில் மின்கா. பத்தொன்பதில், நீல மையில், குண்டு குண்டான எழுத்தில், ஏவர்ட்.

பழைய நாட்காட்டி ஈரத்தில் நைந்து போனதென்று போன வருஷம் புதிது வாங்கி, மின்கா எல்லாப் பெயரையும் உட்கார்ந்து எழுதினாள். செத்தவர்களை விட்டுவிட்டாள். சண்டை போட்ட சித்தியை விட்டுவிட்டாள். இவரை எழுதியிருக்கிறாள். அவளை மட்டும் திட்ட எனக்கு வாய் இல்லை. அந்தப் பெயரை நானும் எத்தனையோ அக்டோபர் பார்த்திருக்கிறேன். யெல்மர் சின்னப் பையனாக இந்தக் கதவைச் சாத்திக்கொண்டு அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறான், பிறகு ஒருநாள் இங்கே உட்காருவதையே நிறுத்திவிட்டான். நாங்கள் சிரித்தோம்.

ஆணியோடு சேர்த்துப் பிடுங்க வந்தது ஆத்திரம். நாட்காட்டியை மட்டும் கழற்றிக்கொண்டு போய் கேக்குக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது என்ன மின்கா?"

எட்டிப் பார்த்தாள். கழுத்து சிவந்தது. "பழசைப் பார்த்து எழுதினேன். கை தானா எழுதிடுச்சு. இதைப் போய் ஒரு..."

"சித்தியை விட்டுட்டியே. அப்ப கைக்குத் தெரிஞ்சுதே."

"அந்தக் காலமே வேற, சீட்ஸ்கா. படிச்சவங்க எல்லாரும் அப்படித்தான் பேசினாங்க. எதையும் வேண்டாம்னு சொன்னா பத்தாம்பசலின்னுவாங்க. யெல்மர் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான்..."

"சொன்னான். துணி மடிச்சிட்டிருந்தப்ப சொன்னான். நான் அவன் பேரையே எடுக்கல, நீயா எடுத்தே. குழந்தை சம்மதிக்க உரிமை இருக்குன்னு பக்கம் பக்கமா டைப் அடிச்சியே, அவன் மாட்டேன்னு சொன்னது ஏன் உன் காதுல ஏறல?"

ஹாரம் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்கா கையெழுத்து அட்டையிலிருந்த பேனாவை உருவி, பெயரை அடிக்கப் பத்தொன்பதாம் தேதியின் மேல் குனிந்தாள்.

"அடிக்காதே."

யெல்மர் வாசலில் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. கோட்டுப் பொத்தான்கள் போட்டபடியே இருந்தன. பங்குவரை போகாமல் திரும்பியிருக்க வேண்டும்.

"நீ எழுதினது. அப்படியே இருக்கட்டும். நான் அன்னிக்குச் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லு, அம்மா."

இந்த முறை மின்கா 'அம்மா'வைத் திருத்தவில்லை. பேனா முனை காகிதத்தில் நின்ற இடத்தில் நீலம் ஊறிப் பெரிதாகிக்கொண்டிருந்தது.

யெல்மர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, எங்கள் முழங்கால்களைத் தாண்டித் தாண்டி வட்டத்துக்கு வெளியே போனான். கழிப்பறைக் கதவு திறந்தது. வெறும் ஆணி ஒரு கணம் தெரிந்தது. கதவு மூடி, தாழ்ப்பாள் விழுந்தது.