சண்டை அட்டை

எண்பத்தாறாம் வருஷம், சாரல் பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. தென்காசி டுட்டோரியலில் வகுப்பு முடிந்து பையன்கள் குற்றாலத்துக்குச் சைக்கிளை மிதித்ததும், வாத்தியார்கள் மாடி அறையில் மேஜையை இழுத்துப் போட்டார்கள். தங்கத்தாய் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நடுவில் வைத்தாள்.

தளவாய் அதைத் தொடவில்லை. "என்ன டீச்சர் இது, கல்யாணப் பத்திரிகையா?"

"சண்டைக்கான சட்டம் சார். உங்க புஸ்தகத்துல உள்ளதுதான்."

வாத்தியார்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடும் விளையாட்டைக் கப்பலில் வேலை பார்க்கும் அண்ணன் தளவாய்க்குச் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்திருந்தான். ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரக்காரியாகவோ இருக்க வேண்டும். தளவாய் கதையை நடத்துவான். சண்டை வந்தால் இருபது முகமுள்ள பகடை தீர்ப்புச் சொல்லும். அதற்கும் மேலே இங்கிலீஷ் விதிப்புத்தகம் ஒன்று, எப்போதும் அவன் மடியில். டுட்டோரியல் அவன் அப்பாவுடையது, புத்தகம் அவனுடையது, ஆகவே சட்டமும் அவனுடையது. வீரன் செத்தால் ஆள் நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும் என்று வைத்ததும் அவன்தான். போன மாதம் கூட வேலை பார்க்கும் கல்யாணசுந்தரியை அப்படித்தான் எழுப்பினான். அவள் இப்போது ஜன்னலோரம் நின்று எல்லோருக்கும் டீ ஊற்றுகிறாள்.

தங்கத்தாய்க்கு இந்த மேஜையில் தன் நாற்காலி வேண்டும்; அது தளவாயின் இஷ்டத்தில் இருக்கக் கூடாது. அவள் வீட்டில் முதல் பட்டதாரி, கணக்கில் பி.எஸ்சி. அங்கே அவளைப் பற்றிப் பேசுவார்களே தவிர அவளிடம் பேசமாட்டார்கள். "இப்போ நீங்க என்ன செய்யுதீங்க?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது இந்த மேஜையில் மட்டும்தான்.

போன ஞாயிறு எல்லோரும் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனபோது தளவாய் புத்தகத்தை அறையிலேயே விட்டுவிட்டான். தலைவலி என்று சொல்லி இவள் தங்கிக்கொண்டாள். அகராதியும் கையுமாகச் சண்டைப் பகுதியைப் படித்து, காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டாள். யார் முந்தி அடிப்பது, எந்தக் கவசத்துக்கு எத்தனை விழ வேண்டும், அடிபட்டால் உயிரில் எவ்வளவு குறையும். அப்புறம் மைதாப் பசை காய்ச்சி அட்டையில் ஒட்டினாள்.

ஒரே ஒரு வரியில் பேனா நின்றது. ஒன்று விழுந்தால் அடி தவறும், மறுபேச்சில்லை என்றது புத்தகம். இவர்களோ முதல் நாளிலிருந்து ஒன்று விழுந்தால் "தாயம்!" என்று கத்திவிட்டு மறுபடி உருட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் தாயக்கட்டை உருட்டி வளர்ந்த கைகள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. தங்கத்தாயும் முன்பு கதையில் வந்த பாலத்துச் சண்டையில் அப்படி உருட்டித்தான் பிழைத்திருந்தாள். எழுதாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பல்லைக் கடித்துக்கொண்டு சிவப்பு மையில் எழுதினாள்.

தளவாய் கதையைத் தொடங்கினான். குகைக்குள்ளிருந்து ராட்சசப் பல்லி ஒன்று தங்கத்தாயின் வீரன்மேல் பாய்ந்தது. பல்லிக்காகப் பகடையை உருட்டினான்.

ஒன்று.

"தாயம்லே!" பகடையை அள்ளப் போனான். தங்கத்தாய் அதன்மேல் கையை வைத்தாள்.

"ஒண்ணு விழுந்தா அடி தவறும். சிவப்பு மையில கெடக்கு, பாருங்க."

"கைய எடுங்க டீச்சர்."

"புஸ்தகத்தத் தொறங்க சார்."

சயின்ஸ் எடுக்கும் ரஹ்மத் டம்ளரைக் கீழே வைத்தான். "தொறந்துதான் பாருங்களேன் அண்ணாச்சி. அது என்ன கடிக்கவா செய்யுது?"

தளவாய் புரட்டினான். ஒரு பக்கத்தில் விரல் நின்றது. காது சிவந்தது. பிறகு மெதுவாகச் சிரித்தான்.

"சரி டீச்சர். பாலத்துல திருடனோட அடிக்கு நல்ல எண் முந்தியே விழுந்தாச்சு, உங்க அடி முடிஞ்சதும் அவன் அடி. உங்களுக்கு விழுந்தது ஒண்ணு. மறுபடி உருட்டி அவன முந்திக் கொன்னதாலதான தப்பிச்சீங்க? இந்த அட்டைப்படி நீங்க அன்னைக்கே காலி. எந்திரிங்க."

"அது முடிஞ்ச கதைலா," என்றான் ரஹ்மத். "தோண்டுனா இங்க எல்லாரும் பிணந்தான்."

தங்கத்தாய்க்குத் தப்பிக்க அது ஒரு வழி. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு ரஹ்மத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். ஆனால் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"தோண்டட்டும் ரஹ்மத் சார். நான் செத்தாச்சு, ஒத்துக்கிடுதேன். கல்யாணியக் கொன்ன அன்னைக்கு அந்த ஓநாய்க்கு என்ன விழுந்துச்சு?"

தளவாய் புத்தகத்தை மூடினான். ஜன்னலோரத்திலிருந்து பதில் வந்தது.

"ஒண்ணு. தாயம்னு நானே கத்துனேன், கிறுக்கி. மறுபடி உருட்டித்தான் என்னக் கொன்னாரு."

"அப்போ நீ சாகலட்டி. வந்து உக்காரு."

"ஒரு வெளையாட்டுக்குப் போயி இப்படியா…" என்றான் தளவாய்.

"அவள எழுப்பி நிறுத்துனப்போ அது வெளையாட்டுன்னு தெரியலயா சார்?"

தங்கத்தாய் எழுந்தாள். கல்யாணசுந்தரி கெட்டிலைப் பிடித்தபடி தயங்கினாள். "ஏட்டி, உன் எடம்லா இது?"

"உக்காருன்னா உக்காரு. ஆனா டீ நான் ஊத்தமாட்டேன். வேணுங்கிறவங்க எந்திரிச்சு வந்து ஊத்திக்கிடட்டும்."

சொல்லிவிட்டாளே தவிர, ஜன்னலோரம் போனவள் அந்த நாற்காலியையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கல்யாணசுந்தரி அட்டையைத் தன் பக்கம் திருப்பி, கட்டத்தில் விரல் வைத்து, எழுத்துக்கூட்டுவதுபோல நிதானமாகப் படித்தாள்.

"பல்லி அடிச்சது தவறிப்போச்சு. அடுத்தது எங்க முறை. பகடையக் குடுங்க சார்."

தளவாய் பகடையை அள்ளிய உள்ளங்கையை மூடியே வைத்திருந்தான். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.