அசல் பெயின்ட்

ஸ்டான்லியின் ஜீப்புக்கு மேலே கறுப்பு, அதற்கடியில் சிவப்பு, அதற்கும் அடியில் கல்யாணப் பந்தல் மாதிரி ஒரு ரோஸ், அப்புறம் வெள்ளை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க ஒவ்வொரு சட்டையாகக் கழன்றது. கடைசியில் டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு மூலையில், சாணிக்கும் காக்கிக்கும் நடுவே ஒரு நிறம் எட்டிப் பார்த்தது. கம்பெனியிலிருந்து வரும்போதே பூசியிருந்த அசல் நிறம்! ஷெட்டே அதிரும்படி விசிலடித்தான். திரும்பிப் பார்க்க அங்கே ஆள் இல்லை.

சிங்கப்பெருமாள்கோயிலில் வாடகை அறை. மறைமலைநகரில் ஹெட்லைட் வளையம் செய்யும் கம்பெனியில் வேலை. போக வர கம்பெனி பஸ். ஞாயிற்றுக்கிழமையானால், அரசாங்க ஏலத்தில் எடுத்த, 'வேங்கை' கம்பெனியின் இந்தப் பழைய ஜீப்பில் கடப்பாக்கம் வரைக்கும் போவான். ஆலம்பரைக் கோட்டைப் பக்கத்து மணலில் டயருக்குக் காற்றை இறக்கி, நாலு சக்கரமும் இழுக்கும் கியரைப் போட்டு, சிக்கி, தானே தோண்டி, தானே வெளியே வருவான். தள்ள ஆள் இல்லாதவன் மணலில் இறங்கக்கூடாது என்பதுதான் இந்த விளையாட்டில் முதல் பாடம். அவன் இறங்கிக்கொண்டுதான் இருந்தான். பக்கத்து சீட்டில் மண்வெட்டி உட்கார்ந்து வரும்.

வரிசையாகப் போகிற வண்டிகளில் தன் வண்டியும் ஒன்றாகப் போகவேண்டும். அவன் ஆசை அவ்வளவுதான்.

அந்த வரிசை இருந்தது ஜி.எஸ்.டி. ரோட்டு வேங்கை ஷோரூம் நடத்தும் கிளப்பில். கிளப் தலைவர் சரவணகுமார் வீடியோவில் சொல்வது அவனுக்கு மனப்பாடம்: "திருப்பம் வந்தா நில்லு. பின்னாடி வர்ற வண்டி உன் கண்ணாடில தெரியணும், அப்பறம்தான் திரும்பணும். இது கிளப் இல்ல மச்சான், குடும்பம்." ஆனால் புது வேங்கை வாங்கியவர்களுக்குத்தான் அந்தக் குடும்பத்தில் இடம்.

கதவைத் திறந்துவிட்டது எதிர்க்கடை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ரோவன் ஷோரூம் வந்தது. அதே முரட்டு உடம்பு, ஆனால் கூரை திறக்கும், சீட்டு குளிரும், உள்ளே டி.வி. மாதிரி ஒரு திரை. வேங்கைக்காரர்கள் ஈ ஓட்டத் தொடங்கினார்கள். வேங்கை ஷோரூமில் விளம்பர வேலை பார்க்கும் வசுமதி யோசித்தாள்: அவர்களிடம் திரை இருக்கிறது, நம்மிடம் சரித்திரம் இருக்கிறது. அப்படிப் பிறந்ததுதான் 'மூன்று தலைமுறை' விழா. பழைய வேங்கைக் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடவேண்டும். அசல் நிறத்தில் இருக்கிற வண்டி விளம்பரப் படத்தில் வரும், வரிசையில் முதலாவதாகப் போகும். அதை ஓட்டுகிறவன் அன்றிலிருந்து கிளப் ஆள்.

வசுமதி போனில் கேட்டாள். "தாத்தா ஓட்டின வண்டியா சார்?"

ஸ்டான்லி போனை மறு காதுக்கு மாற்றினான். "ஆமா மேடம்."

"சூப்பர் சார்! அப்பாவையும் கூட்டிட்டு வாங்க. ஒரே ஒரு ஷாட்தான்."

சனிக்கிழமை மத்தியானம், அந்த அசல் நிறத்தையே புதிதாகப் பூசி, பெயின்ட் வாசனை போகாத ஜீப்போடு திருக்கழுக்குன்றம் தாண்டித் தன் ஊருக்குப் போனான். அப்பா ராஜேந்திரனுக்கு அந்த ஜீப் மேல் பிரியம். கறுப்பாக இருந்தபோது அதற்கு 'எரும' என்று பேர் வைத்தவரே அவர்தான். சர்ச்சுக்குக்கூட அதில்தான் போவேன் என்று அடம்பிடிப்பார்.

தெருமுனையில் திரும்பி ஹார்ன் அடித்தான். வாசலில் நாற்காலிக்கு நைலான் ஒயர் பின்னிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். ஒயரைப் போட்டுவிட்டு எழுந்தார். வீட்டுக்குள் போனார். ஸ்டான்லி இறங்கி உள்ளே போய்ப் பார்த்தால் வீட்டில் இல்லை. பின்கதவு திறந்து கிடந்தது. கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம், லுங்கியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"நைனா! நான்தான்!"

"தெரியுது."

"அப்பறம் ஏன் ஓடுன?"

"நான் எங்கடா ஓடுனேன்? காலு ஓடிச்சு." அவரே சிரித்தார். மூச்சு மட்டும் வாங்கியது. "எரும எங்க?"

"இதான் எரும. அசல் கலரு. எப்டி கீது?"

"உன்ன யாருடா இந்தக் கலர கேட்டா?"

பக்கத்து வீட்டுச் செல்லம்மா எட்டிப் பார்த்தாள். "தே, நானும் கொழம்ப அடுப்புல வுட்டுட்டு உள்ளாற போய்க்கினேன். சின்ன வயசுல வந்த பயம், இன்னும் போவல பாரு!"

அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே சொன்னார். "இந்தக் கலர் ஜீப்பு வந்தா ஊரே கரும்புக் கொல்லைல பூந்துக்கும். உங்க தாத்தா ஒரு தபா பூந்துக்கல. கூலிய ஏத்திக் கேட்டாருன்னு பண்ணக்காரன் போலீஸ் டேசனுக்கு ஆள் அனுப்ச்சிகீறான். வந்தவங்க வண்டில ஏத்திகினு போய்ட்டாங்க. சீட்டுல இல்லடா, கீழ. திரும்பி வரசொல்ல நடந்துதான் வந்தாரு."

"இதே வண்டியா நைனா?"

"யாருக்குத் தெரியும்? மூஞ்சியவா பாத்தோம், கலரப் பாத்தோம்."

"நாளைக்கு மாமல்லபுரம் வரியா? போட்டோ எடுக்குறாங்க."

"நீ போய்ட்டு வா. எனக்குக் கொல்லைல வேல கீது."

ஞாயிற்றுக்கிழமையில் கொல்லை வேலையா என்று ஸ்டான்லி கேட்கவில்லை.

மறுநாள் கடற்கரையில் அவன் கனவு கண்டதெல்லாம் நடந்தது. சரவணகுமார் பானெட்டைத் தடவிக்கொடுத்தார். "யப்பா, இன்னா கலரு! கண்ல தண்ணி வருது மச்சான்!" தோளில் கை போட்டார். யாரோ டீ கொண்டுவந்து தந்தார்கள். கியர்பாக்ஸ் வேலை எங்கே பார்த்தாய், டயர் எங்கே பிடித்தாய் என்று சுற்றி நின்று கேட்டார்கள். இத்தனை நாள் மண்வெட்டியிடம் சொன்னதையெல்லாம் அவன் மனிதர்களிடம் சொன்னான். சொல்லச் சொல்ல வாய் நிற்கவில்லை.

"அப்பா வரலியா சார்?" என்றாள் வசுமதி.

"ஒடம்பு சரியில்ல மேடம்."

"பரவால்ல, சமாளிச்சிடலாம்." கேமராவைத் திருப்பச் சொன்னாள். "உங்க தாத்தா இதுல எப்படி உக்காந்திருப்பாரு? அதே மாதிரி உக்காருங்க. நாங்க எடுத்துக்கறோம்."

ஸ்டான்லி ஸ்டீயரிங்கைப் பிடித்தான். மோவாயைத் தூக்கு என்றார்கள், தூக்கினான். சிரி என்றார்கள். அதுதான் வரவில்லை. திரும்பி வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தான். இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் அவனே தகடு வெட்டி ஒட்டிய தரை. ஒரு ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். எழுந்து பின்னால் போய் அப்படியே உட்கார்ந்தான்.

"சார், டிரைவர் சீட்டு..."

"தாத்தா இங்கதான் மேடம் உக்காந்தாரு. அவரு ஓட்டல. அவர ஏத்திகினு போனாங்க. கூலி கேட்டாருன்னு. நான் போன்ல சொன்னது பொய்யி."

பின்னால் யாரோ சிரித்தார்கள். வேறு யாரும் சேர்ந்துகொள்ளாததால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. வசுமதி கையிலிருந்த பேப்பரைப் பார்த்தாள். "சார்... இது விளம்பரம் சார்" என்றாள், கொஞ்சம் கெஞ்சலாகவே.

"தெரியும் மேடம்."

"நல்ல நாள் அதுவுமா இன்னா மச்சான் இது" என்றார் சரவணகுமார். தோளில் இருந்த கை எப்போதோ போயிருந்தது. "சரி, வண்டிய கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்துக்க. அடுத்தவங்க வரட்டும்." அடுத்து வந்தது தோட்ட முதலாளி குடும்பம் ஒன்று. பளபளவென்று பச்சை ஜீப். தாத்தா, மகன், பேரன், மூவருக்கும் ஒரே மாதிரி தொப்பி.

பார்க்கிங்கில் ரோவன் ஷோரூம் பையன் ஒருவன் நைசாகக் கார்டு கொடுத்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் பார்த்திருப்பான் போல. "அண்ணாத்த, நம்மகிட்ட வாங்க. தாத்தாவலாம் கேக்க மாட்டோம், ஆதார் கார்டு போதும்." ஸ்டான்லிக்கு அன்றைக்கு வந்த ஒரே சிரிப்பு அதுதான்.

வரிசை ஆலம்பரைக் கோட்டைக்குக் கிளம்பியது. அவனை வரச் சொல்லவும் இல்லை, வரவேண்டாம் என்று சொல்லவும் இல்லை. கடைசி வண்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புது வண்டிகள் பறந்தன. பழைய இன்ஜின் தன்னால் முடிந்ததைச் செய்தது. கல்பாக்கம் தாண்டியதும் முன்னால் போன சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாகச் சிறுத்துக் காணாமல் போயின. திருப்பத்தில் நிற்பார்கள் என்று தன்னிடமே சொல்லிக்கொண்டான். கடப்பாக்கம் திருப்பத்தில் மீன்கூடையோடு இரண்டு பேர் ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்தார்கள். வேறு யாரும் இல்லை. புழுதிகூட அடங்கியிருந்தது.

போன் அடித்தது. அப்பா.

"இன்னாடா, வரிசைல வுட்டாங்களா?"

"வுட்டாங்க நைனா. போய்க்கினேதான் கீறேன்."

"உனக்கு முன்னால யாரு போறா?"

ஸ்டான்லி ரோட்டைப் பார்த்தான். "யாரும் இல்ல."

"அப்ப நீதான்டா மொதல்ல!" அப்பாவின் குரல் துள்ளியது. "செல்லம்மா, கேட்டியா? எம்புள்ளதான் மொதல்ல போறானாம்!"

"ஆமா நைனா" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

உடனே திரும்பவில்லை. கிளப் விதி விதிதான். இன்ஜினை ஓடவிட்டபடி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். கண்ணாடி நிறைய வெயில், தார் ரோடு, அவ்வளவுதான். அப்புறம் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பினான்.