டாபின் நகராத காலை

"டாபின் ஏன் இன்னைக்கும் அதே அலமாரியிலயே உக்காந்திருக்கு? நான் கெட்ட பொண்ணாம்மா?" என்று ஆறு வயது ஜோசி கேட்டாள்.

டாபின், கிறிஸ்துமஸ் தாத்தா சாண்டா அனுப்பியதாக நாங்கள் சொல்லும் எல்ஃப் பொம்மை, அவருடைய குட்டி வேலையாள். டிசம்பர் முழுக்க, பிள்ளைகள் தூங்கியதும் அது சாண்டாவிடம் போய் அவர்கள் நடத்தையைச் சொல்லிவிட்டு வந்து, வேறு இடத்தில் உட்கார வேண்டும். மாற்றுவது நான்தான். முதியோர் இல்லத்தில் மூன்று நாளாக இரட்டை வேலை, அடியோடு மறந்துவிட்டேன். காப்பிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு ஒரு பொய்யைத் தேடினேன்.

"நீ இல்லடி. நான்தான் அதைத் தொட்டுட்டேன்" என்றான் அவள் அண்ணன், பதினோரு வயது வெண்டல். தொட்டால் பொம்மையின் மாயம் போய்விடும் என்பது விதி. பொம்மையை நகர்த்துவது யார் என்று அவனுக்குப் போன வருஷமே தெரியும்.

"உன் கை சும்மாவே இருக்காதாடா? சாண்டா உனக்குப் பரிசு இல்லாம, கெட்ட பிள்ளைங்களுக்குத் தர்ற கரிக்கட்டைதான் தருவாரு. அது பக்கத்துல பட்டைப் பொடி தூவி மன்னிப்புக் கேளு, அப்பதான் மாயம் திரும்பி வரும்" என்று ஜோசி அவன்மேல் பாய்ந்தாள்.

செய்யாத குற்றத்துக்கு அவன் பொடி தூவி, தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டான். ஜோசியின் எதிரில் அவனுக்கு ஒரு நன்றி சொல்லக்கூட எனக்கு வழியில்லை.

பள்ளிப் பேருந்து போனதும் டாபினை ஃபிரிட்ஜின் மேல் உட்கார வைத்தேன். வாசல் பனியை வாருவது வெண்டலின் வேலை. மாலையில் செய்வதாகச் சொல்லியிருந்தான். 'கர்த்தரே, இப்படியொரு பிள்ளையைக் கொடுத்தீரே, ஸ்தோத்திரம்' என்று சொல்லிக்கொண்டே தெருவரை வாரித் தள்ளினேன். பனிவாரியை, நான் தொட்டது தெரியாதபடி, அவன் வைத்திருந்த இடத்திலேயே திரும்பச் சாய்த்து வைத்தேன்.