மூத்தவளின் காகிதம்

வெயிலில் உப்புவதற்காக ரொட்டி மாவை உருண்டை பிடித்து மாடியில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து என் புருஷன் அப்துல் ராதி கத்தினான்.

"நஜ்லாவோட பிறப்புக் காகிதத்த எடுத்து வை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் கல்யாணப் பதிவாளர் வர்றாரு."

எனக்குக் கை ஓடவில்லை. அந்தக் காகிதம் என் மகள் இவளுடையதே இல்லை. என் மூத்த பெண் மூன்று வயதில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். நாற்பதாம் நாள் இவள் பிறந்தாள். சாவை எழுத ஒருதரம், பிறப்பை எழுத ஒருதரம் என்று யார் டவுனுக்கு அலைவது? இரண்டையுமே எழுதாமல் விட்டோம். பேரும் அதே, காகிதமும் அதே. இங்கே பல வீடுகளில் இதுதான் நடப்பு. காகிதத்தில் இருந்த வயதைப் பார்த்துப் பள்ளியில் பிள்ளைகள் இவளைப் 'பெரியம்மா' என்று கேலி செய்தபோது நானும்தான் சிரித்தேன். பதினைந்து வயதுப் பெண், காகிதத்தில் பதினெட்டு. பதினெட்டு ஆகாதவளுக்குப் பதிவாளர் கல்யாணம் எழுதக் கூடாது; இவளுக்கு அந்தத் தடையும் இல்லை. மாப்பிள்ளை குவாரி லாரி ஓட்டுகிறவன், முப்பத்திரண்டு வயது. கல்யாணத்துக்கு மறுநாள் சனிக்கிழமை இவளுக்குப் பரீட்சை. தேறினால் நைல் நதிக்கு அக்கரையில் மேல்பள்ளி.

"யம்மா, நீ உண்மையச் சொல்லேன்," என்றாள் நஜ்லா.

"சொன்னா பொய்க் காகிதம்னு என்னைப் பிடிச்சு உள்ள போட்டுருவாங்கடி."

"அப்ப நான் மட்டும் போகட்டுமா?"

நான் அடுத்த உருண்டையைப் பிடித்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை தேநீர்த் தட்டோடு திரைக்குப் பக்கத்தில் நின்றேன். பதிவாளர் காகிதத்தைப் பார்த்தார், எட்டிப் பார்த்த நஜ்லாவையும் பார்த்தார்.

"பதினெட்டு முடிஞ்சிருச்சா? ஆளப் பாத்தா தெரியலயே!"

"எங்க வம்சமே குள்ளந்தான், ஷேக்."

ஆறடி உயர அப்துல் ராதி இதைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைதான் ரொம்பச் சிரித்தான்.

"நஜ்லா அம்மா, நீங்களும் ஒரு வார்த்த சொல்லிருங்க. இது நஜ்லாவோட காகிதம்தானே?"

அப்துல் ராதி என்னையே பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு என்ன வரும் என்பதும் தெரியும்.

"எந்த நஜ்லா, ஷேக்?" என்று கேட்டுவிட்டேன்.

சிரிப்பு நின்றது. பதிவாளர் பேனாவைக் காகிதத்திலிருந்து எடுத்தார். அப்துல் ராதி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கை என் கறுப்பு அங்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.