அவர் உட்காராத நாற்காலி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு தெரிந்து நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

போன மாதம் ஒரு முற்பகலில் என் தொலைபேசி அடித்தது. தண்ணீர் வடிகட்டி விற்கிற பெண். “சார், வீட்ல மேடம் இருக்காங்களா?” என்றாள். “தூங்குறாங்க” என்றேன். என் வீட்டில் மேடம் கிடையாது. யாருமே கிடையாது. “சரி சார், அப்புறம் பண்றேன்” என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு கொஞ்சநேரம் நான் சத்தமில்லாமல் நடந்தேன். டம்ளரைக்கூட மெதுவாகத்தான் கீழே வைத்தேன்.

அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. என்னைப் போன்ற ஆட்கள் இப்படி மாட்டிக்கொண்டால் அதை வேறு யார் தலையிலாவது கட்டிவிடுவார்கள். கட்டிவிட்டேன்.

2

கைவிட்ட ஆரம்பங்கள்:

மழை விட்டிருந்தது. கிட்டார் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பஸ் ஓட்டுநர் உள்ளே

(ஆண் வேண்டாம். அவர் பொய் சொன்னால் நான் சொன்ன மாதிரியே இருக்கும்.)

குரலை இழந்த ஒரு பெண்ணின்

(இழக்கவில்லை. இறங்கியது. இழந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.)

சரி, நேராகவே சொல்கிறேன். அவளுக்கு நாற்பத்தாறு வயது. கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. ஒரே தங்கை, தூரதேசத்தில் வேலை. ஒருகாலத்தில் அக்கா கிட்டார் வாசிக்க, இருவரும் சேர்ந்து பாடுவார்கள். போகும்போது தங்கை கிட்டாரைக் கையோடு கொண்டுபோய்விட்டாள். அக்காவுக்குப் பெயர் வைக்க மெனக்கெட்டுப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை. தங்கைக்கு அவள் அக்கா. அது போதும்.

3

அக்காவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. தங்கைக்குச் சொல்லாமலே அறுவை செய்து எடுத்துக்கொண்டாள். கட்டியோடு குரலும் எங்கோ கீழே போய்விட்டது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் தங்கை போனில் கூப்பிட்டாள்.

“ஹலோ” என்றாள் அக்கா.

“சார், இது எங்க அக்கா நம்பராச்சே? அக்காகிட்ட கொஞ்சம் குடுங்களேன்.”

நான்தான்டி என்று சொல்லியிருக்கலாம். தொண்டைவரை வந்தது. ஆனால் அந்த நேரத்தில் தன் குரலைக் கேட்டு அவளுக்கே கூச்சமாக இருந்தது. “தூங்குறாங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

(பொய் கைமாறியாகிவிட்டது. எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கிறது. அவளுக்கு இல்லை.)

மாலையில் தங்கையிடமிருந்து செய்தி: “யாருக்கா அது? என்கிட்ட சொல்லவே இல்ல! கள்ளி.” அடுத்த வரி: “நீ தனியா இல்லேன்னு தெரிஞ்சதும் எவ்ளோ நிம்மதியா இருக்கு தெரியுமா. ரெண்டு வருஷமா உன்னை நினைச்சு எனக்குத் தூக்கமே இல்ல.”

அந்த இரண்டாவது வரிதான் அவளை மாட்டிவிட்டது. முதல் வரியை மறுத்துவிடலாம். தங்கையின் தூக்கத்தை எப்படிப் பறிப்பது?

4

இங்கிருந்து அவள் என்னைவிட நன்றாகக் கதை கட்டினாள். அவர் அதிகம் பேசமாட்டார். உப்புக் கம்மியாகச் சாப்பிடுவார். போட்டோ எடுத்தால் பிடிக்காது. ‘என்ன பண்றார்?’ என்று தங்கை கேட்டபோது அவள் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். எதிரே கிட்டார் கடை. “கிட்டார் வாசிப்பார்” என்று தட்டிவிட்டாள்.

“ஐயோ! வாசிச்சு அனுப்பச் சொல்லுக்கா.”

வாய்விட்டுப் பேச வேண்டிய அழைப்புகளையெல்லாம் சிக்னல் இல்லை, சார்ஜ் இல்லை என்று தட்டிக்கழித்தாள். எட்டு மாதம். இந்த ஆளை நான் நம்பவில்லை என்று எழுத உட்கார்ந்தேன். அப்புறம் தோன்றியது: அவரை நம்பாமலிருக்க நான் யார்? டம்ளரை மெதுவாக வைத்தவன்.

5

ஒருநாள் அவள் அந்தக் கிட்டார் கடைக்குள் போய், ஒரு கிட்டார் வேண்டும் என்றாள். கடைக்காரரை அந்தத் தெருவில் அளவுக்காரர் என்பார்கள். கிட்டார்களை முகம் சுவரைப் பார்க்கும்படி மாட்டியிருப்பார். “எல்லாரும் மூஞ்சியப் பார்த்துத்தான் எடுக்கிறாங்க. காதால எடுக்கட்டும்” என்பது அவர் கட்சி.

“யாருக்கு?”

“அவருக்கு.”

பொதுவாக அவள் வாயைத் திறந்தால் எதிரே நிற்பவர்கள் இன்னொரு முறை முகத்தைப் பார்ப்பார்கள். அளவுக்காரர் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

“அவர் குரல் எப்படி?”

யோசித்தாள். “என்னோடது மாதிரிதான் இருக்கும்.”

“அப்ப சாதாரண கிட்டார் அவருக்கு மேல மேல போயிட்டே இருக்கும், துரத்திப் பிடிக்க முடியாது. பாரிடோன் செய்யணும். கழுத்து நீளம், கம்பி தடிமன், சத்தம் நல்லா கீழ இருந்து வரும். ஆள வரச் சொல்லுங்க.”

“வரமாட்டார்.”

“ஆளப் பார்க்காம நான் அளவெடுக்கிறதில்லம்மா. சரி, வாசிக்கிறப்ப உட்கார்ற நாற்காலியாவது கொண்டு வாங்க.”

(கிட்டார் செய்கிறவர்கள் நாற்காலி கேட்பார்களா என்று ஒருவரிடம் விசாரித்தேன். சிரித்தார். ஆனாலும் அளவுக்காரரை மாற்றுவதாக இல்லை.)

6

அவள் வீட்டில் இரண்டு நாற்காலிகள். தங்கை போனபின் சின்ன வீட்டுக்கு மாறியபோது வாங்கியவை. ஒன்று போதும் என்றாள். ஜோடியாகத்தான் தருவோம் என்றார்கள். அந்த இன்னொன்றைத் தலைகீழாகத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நாற்காலியோடு ஏறக்கூடாது என்று பஸ்ஸில் சொல்லிவிட்டார்கள். நடந்தாள். பாதி வழியில் மூச்சு வாங்கியது. நடைபாதையில் நாற்காலியை இறக்கி வைத்தாள். வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நின்று இளைப்பாறினாள். அதில் உட்காரத் தோன்றவே இல்லை. அது அவருடையது.

அளவுக்காரர் நாற்காலியைத் திருப்பிப் பார்த்தார். உட்காரும் பலகையின் முன்விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார்.

“இதுல யாரும் உட்கார்றதில்லையேம்மா.”

அவள் கழுத்து வியர்வையைத் துடைத்தாள்.

“ஆள் உட்கார்ந்தா இங்கதான் முதல்ல தேயும். இது புதுசா வந்தப்ப இருந்த மாதிரியே இருக்கு. தூசி மட்டும் நல்லா துடைச்சு வச்சிருக்கீங்க.”

அவளுக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எட்டு மாதத்தில் அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். அளவுக்காரர் உளியைத் தீட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், “அப்ப அந்த ஆளு நல்லா பாடுவார்னு சொல்லுங்க” என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடியிலிருந்து வந்த சிரிப்பு, கடையில் சில கம்பிகள் கூடவே லேசாக முனகின.

“உங்க நாற்காலியக் கொண்டு வாங்க. அதுக்குத்தான் செய்யப்போறேன்.”

7

ஐந்து மாதமாயிற்று. கடையில் வாசித்துப் பார்க்க விடவில்லை. “உங்க இடத்துல போய் உட்கார்ந்து வாசிங்க” என்று உறையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கிட்டார் மடியில் சரியாக அமர்ந்தது. பழைய பாட்டை எடுத்தாள். அறுவைக்குப் பிறகு பலமுறை முயன்று, எட்டாமல் விட்ட பாட்டு. இப்போது கிட்டார் இறங்கி வந்து அவளோடு சேர்ந்து நடந்தது. அவள் பாடினாள். நன்றாக இருந்தது. அதைக் கேட்க வீட்டில் ஆளில்லை என்பதுதான் தாங்கமுடியவில்லை.

அன்றைக்கே தங்கையின் செய்தி: “பதினாறாம் தேதி வர்றேன். ரெண்டு பேரும் சேர்ந்து ஏர்போர்ட்டுக்கு என்னைக் கூப்பிட வரணும். ஞாயித்துக்கிழமை போன் பண்றேன், எடுக்கலேன்னா பாரு.”

8

முடிவுகள்.

அ) அவர் போய்விட்டார் என்று எழுதிவிடுகிறாள். தங்கை அழுகிறாள், அக்கா ஆறுதல் சொல்கிறாள். (ஐந்து நிமிடத்தில் எழுதினேன். அவ்வளவு சுலபமாக வந்ததால் கிழித்தேன்.)

ஆ) அக்கா போனில் பாடுகிறாள். இரண்டாவது வரியில் தங்கையும் சேர்ந்துகொள்கிறாள். (எனக்குப் பிடித்த முடிவு. படித்துவிட்டு அழுதேன். என் அழுகையை நம்பி ஒருத்தியை அந்த முடிவுக்கு அனுப்பக்கூடாது.)

இ) தங்கைக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும், அவள்

(கதைகளில் வரும் தங்கைகளுக்கு எப்போதும் எல்லாம் தெரிந்திருக்கிறது. இந்தத் தங்கைக்குத் தெரியாது. அக்கா தனியாக இல்லை என்று நம்பி நிம்மதியாகத் தூங்குகிறாள்.)

9

ஞாயிற்றுக்கிழமை மதியம். அவள் தன் நாற்காலியில், மடியில் கிட்டாரோடு. தொலைபேசியை எதிரே அவர் நாற்காலியில் வைத்திருக்கிறாள். அடிக்கிறது. ஸ்பீக்கரைப் போட்டு “ஹலோ” என்கிறாள்.

“ஹலோ? சார், நல்லா இருக்கீங்களா? அக்கா இருக்காங்களா?”

இந்த இடத்தில் நான் மூன்று நாளாக நிற்கிறேன். இன்று காலை என் தொலைபேசியும் அடித்தது. அதே வடிகட்டிப் பெண். “மேடம் எழுந்துட்டாங்களா சார்?”

“இங்க யாரும் தூங்கலம்மா. மேடமும் இல்ல. நான் மட்டும்தான் இருக்கேன்.”

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம். பிறகு, “அப்ப உங்களுக்குச் சின்ன மாடலே போதும் சார்” என்றாள்.

அவ்வளவுதான் நடந்தது. என்னைக் கேட்டது வடிகட்டி விற்பவள், அக்காவைக் கேட்பது தங்கை. அதனால் என் பதிலை அவள் வாயில் திணிக்க எனக்கு உரிமையில்லை. வைத்துவிட்டு வீட்டில் நடந்துபார்த்தேன், சாதாரணமாக, கால் சத்தம் கேட்க. அதை மட்டும் அக்காவிடம் சொல்லிவிடுங்கள். மிச்சத்தை நீங்களும் அவளும் பார்த்துக்கொள்ளுங்கள். தங்கை இன்னும் லைனில்தான் இருக்கிறாள்.