உறைக்குள் பதினைந்து பாட்டில்

தரை போடுகிற மேஸ்திரிக்கு முதலில் போவது முட்டிதான். தேவதாஸ் முசேயின் பீர்க் கூடத்தில் ஒன்பது நாள் குந்தி உட்கார்ந்து வேலையை முடித்த அன்று, எழுந்து நிற்க எனக்குச் செல்வகுமாரின் தோள் வேண்டியிருந்தது. செல்வகுமார் என் மனைவி அமுதவல்லியின் தம்பி. கம்பி கட்டுகிறவன். என் முட்டி படபடவென்று சொடுக்கு விட்டதைக் கேட்டு, ஜல்லி இறக்குற மாதிரி இருக்கே மாமா என்றான்.

பீர் காய்ச்சுகிற இடத்துக்குத் தரைதான் முக்கியம் என்று முசே சொல்லியிருந்தார். தினமும் கழுவி விடுவார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கினாலும் நாற்றம் பிடித்துவிடும். அதனால் நாலு மூலையிலிருந்தும் சாக்கடை வாயை நோக்கிச் சரிவாக வாட்டம் பிடிக்க வேண்டியிருந்தது. முடிந்ததும் முசே ஒரு வாளி தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, அது ஓடி முடிகிறவரை பார்த்துக்கொண்டே நின்றார். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த குடும்பம், அதனால் ஐயா என்பதற்குப் பதில் முசே என்றுதான் கூப்பிடுவோம். அவரும் பிரான்சில் பத்து வருஷம் இருந்து பீர் காய்ச்சப் பழகிவிட்டு ஊருக்கு வந்தவர். மெர்சி மேஸ்திரி என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி என் சிமெண்ட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினார். கூலி போக இருபத்து நாலு பாட்டிலை இரண்டு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்.

பன்னிரண்டு வெளுத்தது, பன்னிரண்டு கறுத்தது. வெளுத்ததில் இருப்பது ஒரு பூவின் வாசனை, அது ஒரு மாதம்கூட நிற்காது, சீக்கிரம் குடித்துவிடுங்கள் என்றார். கறுத்தது காட்டமானது, இப்போது பச்சையாக இருக்கும், வெயில் படாமல், சூடு ஏறாமல், நிறுத்தி வைத்து மூன்று வருஷம் கழித்துத் திறந்தால் அதன் ருசியே வேறு என்றார். நான் தலையாட்டினேன். பாதியைத்தான் காதில் வாங்கினேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் ரெட்டியார்பாளையத்தில் என் மனையில் உட்கார்ந்தோம். மனையின் பின்பக்கம் ஷீட் போட்ட கொட்டகையில் நாங்கள் குடியிருந்தோம். முன்பக்கம் வீட்டுக்குக் கடைக்கால் எடுத்து, பேஸ்மட்டம் வரை ஏற்றி, மணல் கொட்டி நிறுத்தியிருந்தேன். அந்த மணலில்தான் என் ஆட்கள் உட்கார்ந்தார்கள். வெளுத்த பீரைத் திறந்ததும் பம்பளிமாஸ் தோலை உரித்த மாதிரி வாசனை வந்தது. இருபது வருஷமாக டாஸ்மாக்கும் பிராந்திக் கடையும் பார்த்த வாய்கள் அப்படியே நின்றுவிட்டன. எட்டு பாட்டில் போன வேகம் தெரியவில்லை. செல்வகுமார் கறுத்ததில் ஒன்றையும் திறந்து பார்த்தான். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைக் கோணி, காய்ச்சலுக்குக் கொடுக்கிற கஷாயத்தை எவனோ தீய விட்டுவிட்டான் என்றான். ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை.

ஒன்பதாவது வெளுத்த பாட்டிலுக்குக் கை நீட்டியபோது நான் தடுத்தேன். எங்கள் வீட்டில் நல்லது எதுவானாலும் எடுத்து வைப்போம். கல்யாணத்துக்கு வந்த மிக்சி எட்டு வருஷம் அட்டைப்பெட்டியோடு பரணில் இருந்தது. எடுத்தபோது ஒயரை எலி தின்றிருந்தது. அதில் நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. கறுத்ததே மூன்று வருஷத்தில் ருசி ஏறுமென்றால், இப்போதே இவ்வளவு நன்றாக இருக்கிற வெளுத்தது எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டேன்.

அந்த உற்சாகத்தில் வாயையும் விட்டுவிட்டேன். என் வீட்டுக்குக் கூரைத் தளம் போடுகிற அன்றைக்கு இதைத்தான் எல்லாருக்கும் ஊற்றுவேன் என்றேன்.

தளத்து நாள் என்றால் வீட்டுக்காரர் பிரியாணி போடுவார். ஆண்களுக்கு ஆளுக்கொரு குவார்ட்டர், சித்தாள் பெண்களுக்குக் கலர் பாட்டில். எங்கள் வேலையில் அதுதான் வழக்கம். எங்களுக்குள் ஒருவன் வீட்டுத் தளம் என்றால் யாரும் கூலி வாங்க மாட்டோம், மாத்தாள்தான். இன்றைக்கு உன் தளத்துக்கு நான், நாளைக்கு என் தளத்துக்கு நீ. கூலி வாங்காமல் இடுப்பொடிய வேலை செய்கிற பதினான்கு பேருக்கு முன்னால் விட்ட வார்த்தை அது.

சித்தாள் அஞ்சலாட்சி மணலை விட்டு எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"எங்களுக்கும் இதானா மேஸ்திரி, இல்ல அந்தக் கலர்த் தண்ணியா?"

"உங்களுக்கும் இதான்."

"சரி. எல்லாரும் கேட்டுக்கங்க."

செல்வகுமார் மணலில் மல்லாந்து படுத்திருந்தான். "நாம மூணு வருசம் இருப்பமான்னே தெரியல, மாமா பீருக்கு ஆயுசு பாக்குறாரு" என்றான்.

மறுநாள் பேஸ்மட்டத்து மணலில், மாடிப்படி வரப்போகிற இடத்துக்கு அடியில், கிணற்றுக்கு இறக்குகிற சிமெண்ட் உறை இரண்டை இறக்கினேன். உள்ளே நாலு வெளுத்ததையும் பதினோரு கறுத்ததையும் நிறுத்தினேன். மேலே பலகை. பாட்டில்களைச் சுற்றியும் பலகைமேலும் ஈரச் சாக்கு. கான்கிரீட் போட்டால் அது வெடிக்காமல் இருக்கச் சாக்குப் போட்டு நாள் தவறாமல் தண்ணீர் விடுவோம். எனக்குத் தெரிந்த பக்குவம் அது ஒன்றுதான். சூடு ஏறக் கூடாது என்று முசே சொன்னார். ஈரச் சாக்கைவிடக் குளிர்ச்சி எது? பாட்டிலின் மூடி தகரம் என்பது என் புத்தியில் படவில்லை.

தண்ணீர் விட்டது அமுதவல்லி. நான் வேலைக்குப் போய்விடுவேன். சித்திரை வைகாசியில் தினம் இரண்டு குடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் குடத்தோடு போனபோது, பலகையை நகர்த்திவிட்டுத் தம்பி உள்ளே தலையை விட்டுக்கொண்டிருந்தான். பல்லில் ஓப்பனர். வழக்கமாகச் சாக்குக்கு ஊற்றுகிற குடத்தை அவன் முதுகில் ஊற்றிவிட்டு, இரண்டாவது குடத்துக்குக் குழாயடிக்குப் போய்விட்டாள். அன்று முழுக்க அவன் சட்டையைக் காயப்போட்டுக்கொண்டு வெற்றுடம்போடு சாப்பிட உட்கார்ந்திருந்தான். கெட்டுப் போறதுக்கு இம்மாந் தண்ணியா என்று அப்போதும் புலம்பினான்.

மூன்று வருஷம் ஆனது. பீருக்காக நான் காத்திருந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். சுவர் எழும்ப ஒன்றரை வருஷம், கம்பிக்குப் பணம் சேர ஒன்றரை வருஷம். அதற்குள் மற்றவர்கள் வீட்டில் ஒன்பது தளம் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு தளத்திலும் குவார்ட்டரைப் பிரிக்கும்போது எவனாவது என் உறையைப் பற்றிக் கேட்பான். அஞ்சலாட்சி தன் வீட்டுத் தளத்தின்போது எல்லார் முன்னாலும் கேட்டாள். நான் சிரித்துவிட்டு வந்தேனே தவிர, உள்ளுக்குள் கலக்கம் ஆரம்பித்துவிட்டது. கூலி இல்லாமல் வருகிறவர்களுக்குக் கொடுக்க வேறெதுவும் நான் வாங்கி வைக்கவில்லை. அமுதவல்லி கடைச்சரக்கும் கொஞ்சம் வாங்கி வைத்துவிடலாமே என்றாள். வாங்கினால் என் பீர்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை என்றாகிவிடும் என்று மறுத்துவிட்டேன்.

தை மாதம் தளம். விடியும்போது கலவை மிஷின் வந்தது. பதினான்கு பேரும் வந்தார்கள். மணல், ஜல்லி, சிமெண்ட், தண்ணீர். கைக்குக் கை சட்டி. அஞ்சலாட்சி சாரத்தின் நடுப்படியில் நின்று, வருகிற சட்டியை வாங்கி மேலே கொடுத்துக்கொண்டே கீழே இருப்பவனை ஏசினாள். மேலே செல்வகுமார் வைப்ரேட்டரைப் பிடித்துக்கொண்டு உடம்பெல்லாம் ஆட, பாட்டும் பாடினான். இருபது வருஷமாக ஊரான் வீட்டுத் தளத்தை மட்டம் தட்டியிருக்கிறேன். என் தளத்தை மட்டம் தட்டும்போது மட்டப்பலகை ஏனோ இரண்டு தரம் கை நழுவியது. ஒன்றரை மணிக்கு முடித்தோம். தோளும் இடுப்பும் செத்துப் போயிருந்தன. அப்படி ஒரு சந்தோஷமான வலியை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது தேவதாஸ் முசே ஸ்கூட்டரில் வந்தார். காலடியில் ஒரு எவர்சில்வர் கேன். காலையில்தான் இறக்கினது என்றார். எல்லோரும் எழுந்து உறைப் பக்கம் வந்தார்கள். நான் பலகையை எடுத்தேன்.

லேபிள் எல்லாம் ஊறி, கூழாகி, சாக்கோடு ஒட்டிப் போயிருந்தது. மூடிகளில் துரு. முசே ஒரு பாட்டிலைத் தூக்கி மூடியைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தண்ணி விட்டீங்களா மேஸ்திரி?"

"தினமும் விட்டோம் முசே" என்றாள் அமுதவல்லி, பெருமையாக.

அவர் பாட்டிலைக் கீழே வைத்தார். எது எந்தப் பாட்டில் என்று தெரியாமல் நான் விழித்தேன். அஞ்சலாட்சி வந்து ஒவ்வொன்றையும் வெயிலில் தூக்கிப் பிடித்தாள். அடைக்கு வைக்கிற முட்டையைப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு. வெளிச்சம் ஊடுருவினது இந்தப் பக்கம், ஊடுருவாதது அந்தப் பக்கம். இரண்டு நிமிஷத்தில் பிரித்துவிட்டாள்.

வெளுத்ததில் முதலாவதைத் திறந்தேன். பம்பளிமாஸ் வரும் என்று மூக்கைக் கொண்டுபோனால், நனைந்த சிமெண்ட் பையின் காகித நாற்றம் வந்தது. இரண்டாவதும் அதே. மூன்றாவதும் நாலாவதும் அதே. செல்வகுமார் ஒரு டம்ளர் ஊற்றி, கண்ணை மூடி, வாய்க்குள் உருட்டி விழுங்கினான்.

"அம்பத்து மூணு கிரேடு சிமெண்டா மாமா இது?"

பதினான்கு பேரும் சிரித்த சிரிப்பில் சென்ட்ரிங் ஆடியிருக்கும். முசேயும்தான் சிரித்தார். பிறகு கேனைத் திறந்து எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினார். பழைய பம்பளிமாஸ் வாசனை மனை முழுக்கப் பரவியது. அதே சரக்கு, அதே பூ. என்ன வித்தியாசம் என்று ஒருவன் கேட்டான். மூன்று வருஷம் என்றார் முசே. அன்றைக்கே குடிக்கச் சொன்னேனே என்று என்னிடம் மெல்லச் சொன்னார். செல்வகுமார் டம்ளரைத் தூக்கிக் காட்டி, இதைத்தான் மூன்று வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன் என்று ஊருக்கே கேட்கச் சொன்னான். கேன் சிறியது, ஆளுக்கு அரை டம்ளரோடு முடிந்துவிட்டது. இனி இருப்பது என் கறுத்த பாட்டில்கள்தான்.

துரு அதிகம் பிடித்ததை முதலில் திறந்தேன். காடி. அடுத்ததும் காடி. இரண்டையும் முருங்கை மரத்தடியில் கொட்டினேன். மூன்றாவது பாட்டிலை என்னிடமிருந்து வாங்கி அமுதவல்லியே திறந்தாள்.

சத்தம் பெரிதாக வரவில்லை. மெதுவாக ஒரு மூச்சு விட்ட மாதிரி. ஊற்றியபோது எண்ணெய் மாதிரி இறங்கியது. மேலே செம்மண் நிறத்தில் நுரை. அவள் முகர்ந்து பார்த்தாள். வெல்லப்பாகு முறுகுகிற வாசனை வருகிறது என்றாள். டம்ளரைத் தம்பியிடம் நீட்டினாள்.

செல்வகுமார் குடித்தான். எல்லோரும் அவன் வாயையே பார்த்தோம். அவன் டம்ளரைத் திருப்பிப் பார்த்தான். இன்னொரு வாய் குடித்தான். பேச்சை நிறுத்தி நான் பார்த்தறியாத ஆள் அவன். குரலை இறக்கிக் கேட்டான்.

"அன்னைக்கி நான் குடிச்சது இதானா?"

அதேதான் என்றார் முசே. எனக்கும் ஒரு வாய் வந்தது. பேரீச்சம்பழம், காப்பி, கடைசியில் தொண்டையில் ஒரு சூடு. கஷாயத்தின் கசப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. பாட்டில்கள் வரிசையாகத் திறந்தன. எதிலும் குறையில்லை. அஞ்சலாட்சி கால் நீட்டி மணலில் உட்கார்ந்து நிதானமாகக் குடித்தாள். முடித்ததும் டம்ளரை நீட்டினாள்.

"இன்னும் ஊத்து மேஸ்திரி. நான் தூக்குன சட்டிக்கி இது பத்தாது."

ஊற்றினேன். அன்றைக்கு அவள் கேட்டிருந்தால் உறையையே தூக்கிக் கொடுத்திருப்பேன். ஏழு பாட்டில் தீர்ந்தது. பாட்டு, சண்டை, மறுபடி பாட்டு. எட்டாவதை எடுக்கக் குனிந்தபோது செல்வகுமார் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அந்த ரெண்டும் கெடக்கட்டும் மாமா."

"எதுக்குடா?"

"என் தளத்துக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் உழவர்கரையில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறான். மனை எங்கடா இருக்கு, ஆகாசத்துலயா என்று அஞ்சலாட்சி கேட்டாள். மனை வரும், பீர் கிடக்கட்டும் என்றான். கிண்டல் செய்தவர்கள்கூட மிச்சம் இரண்டைக் கேட்கவில்லை. பத்து வருஷம் தாங்குமா முசே என்று அவன் கேட்டபோது, தாங்கும், ஆனால் இன்னொரு தரம் தண்ணீர் விட்டால் நான் உங்கள் வீட்டுக்கே வர மாட்டேன் என்றார் முசே. இரண்டின் கழுத்தையும் துடைத்து, மூடியோடு மெழுகில் முக்கி எடுத்துக் கொடுத்தார். உறையில் காய்ந்த மணல் போட்டு நிறுத்தினேன். சாக்கை மறுநாள் அமுதவல்லி மேலே எடுத்துப் போய்விட்டாள், தளத்தை ஈரமாக வைக்க வேண்டுமாம்.

இப்போது அந்த உறைமேல் மாடிப்படி நிற்கிறது. பக்கத்தில் ஒரு சின்னக் கதவு வைத்திருக்கிறேன். செல்வகுமார் வரும்போதெல்லாம் அதைத் திறந்து இரண்டையும் எண்ணிப் பார்த்துவிட்டு மூடுகிறான். போன மாதம் ஒரு மனையைப் பார்த்துவிட்டு வந்து, மழைக்குத் தண்ணீர் நிற்கிற இடம் மாமா, வேண்டாம் என்றான்.

அன்றைக்கு வந்த பதினான்கு பேரில் ஒன்பது பேர் வீட்டுக்கு நான் முன்பே போய்விட்டேன். நாலு பேர் தளத்துக்கு அதற்குப் பிறகு போய் வந்தேன். செல்வகுமாருக்கு மட்டும் ஒரு தளம் கடன்பட்டிருக்கிறேன்.