பார்வைக்கு ஒரு பிரதி

‘மின்சாரத்தையும் காகிதத்தையும் மிச்சப்படுத்துங்கள்’ என்று ஊரிலுள்ள எல்லா அலுவலகங்களுக்கும் போகவேண்டிய சுற்றறிக்கை அச்சு இயந்திரத்திலிருந்து சுடச்சுட விழுந்துகொண்டிருந்தது. வழக்கம்போல அலுவலகத்துக்கென்று தனியாக நான்கு பிரதிகள். நான்காவதன் தலையில் ‘பார்வைக்கு’ என்ற முத்திரை.

சுற்றுச்சூழல் துறையில் தட்டச்சு வேலைக்கு வந்து பதினோரு மாதமான அந்தப் பெண்ணுக்கு அலுவலகம் வைத்திருந்த பட்டப்பெயர் கேள்விக்குறி.

“அண்ணே, இந்த நாலாவது காப்பியை யாருண்ணே பாக்குறாங்க?”

“பன்னெண்டாம் நம்பர் ரூம்ல வைக்கிறேன். யாரோ பாப்பாங்க” என்றார் கடைநிலை ஊழியர். “வெள்ளிக்கிழமை உன் ஒப்பந்தத்துல மேடம் கையெழுத்துப் போடணும். அதுவரைக்கும் வாயைத் திறக்காம இரு தாயி.”

அவருடைய பயம் நியாயம்தான். கையெழுத்து விழாவிட்டால் அவள் மூட்டையைக் கட்டவேண்டும். ஊரில் தங்கையின் படிப்பு நின்றுவிடும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. பிரதியைத் தானே எடுத்துக்கொண்டு நடந்தாள்.

கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. இரண்டு ஏசி ஓடிக்கொண்டிருந்தன. ஆள் ஒருவர்கூட இல்லை. தரையிலிருந்து கூரைவரை காகிதக் கட்டுகள்.

“ஏசி எதுக்குண்ணே?” என்றாள், பின்னாலேயே ஓடிவந்தவரிடம்.

“பேப்பர் ஈரம் கோத்துக்கும்ல!”

“யாரு ரூமைத் திறந்தது?” வாசலில் மேலாளர் அம்மா நின்றிருந்தார்.

அவள் திரும்பினாள். “நான்தான் மேடம். இதெல்லாம் யாரு பாக்குறாங்கன்னு…”

மேலாளர் அம்மா உள்ளே வந்தார். மேசைத் தட்டில் நிரம்பி வழிந்த தாள்களின் அடியிலிருந்து, முதன்முதலில் அங்கே வைக்கப்பட்டதை உருவினார். ‘பன்னிரண்டாம் அறையில் இயங்கும் இப்பிரிவு இன்றுடன் மூடப்படுகிறது.’ ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி. கீழே அவருடைய கையெழுத்தேதான்.

“மூடுன பிரிவுக்கே, மூடியாச்சுன்னு நாலாவது காப்பியா!” என்றார் மேலாளர் அம்மா.

ஊழியர் தலையைச் சொறிந்தார். “அனுப்பாதீங்கன்னு யாரும் சொல்லலையே மேடம்.”

மேலாளர் அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது அடங்கியும் போனது. எட்டி இரண்டு ஏசியையும் தானே அணைத்தார். இத்தனை வருடமாகப் பின்னணியில் ஓடிய இரைச்சல் நின்றதும் நடைக்கூடமே அமைதியானது.

“இன்னையிலிருந்து நாலாவது காப்பி கிடையாது. ஏம்மா கேள்விக்குறி, இந்த மாதிரி வேற என்னென்ன சும்மா ஓடுதுன்னு கட்டடம் பூரா பாத்து எழுதிட்டு வா.”

“வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நான் இருப்பேனா மேடம்?”

“உன்னை அனுப்பிட்டு இதையெல்லாம் யாரை வச்சுக் கேக்குறது? ஒப்பந்தத்தை எடுத்துட்டு வா, இப்பவே போட்டுத் தர்றேன்.” அவள் கையிலிருந்த சுற்றறிக்கையை ஒருமுறை வாசித்துவிட்டு மெல்லச் சொன்னார்: “ஊருக்கெல்லாம் மிச்சம் பண்ணச் சொல்லிக் கடுதாசி போட்டோம், நம்ம ரூமை நாம தொறந்து பாக்கலை. இது எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ஒன்பது வருஷம் வீணாப் போயிருக்காது. சிக்கனத்தை நம்மகிட்டயிருந்துதான் ஆரம்பிக்கணும்.”